ஆமாம், உருளைக்கிழங்குப் படம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இராயக்கோட்டையில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். தக்காளி, மிளகாய், கத்தரி, முட்டைக்கோஸ் நாற்று விடுகிறோம். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. உங்கள் பத்திரிகை காலையில் வந்துவிடும். ஆனால் நான் முழுதாகப் படித்து முடிக்க மதியம் ஆகிவிடும். அதற்குள் என் கையிலிருக்கும் கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள் எல்லாம் உங்கள் தலையங்கத்தில் ஒட்டியிருக்கும். தப்பாக நினைக்காதீர்கள்.

சமீபகாலத்தில் வந்த விண்வெளிப் படங்களில் சிறந்தது எது என்று ஞாயிறு இணைப்பில் வாசகர்களைக் கேட்டிருந்தீர்கள். போன வாரம் மூன்று கடிதம் போட்டிருந்தீர்கள். இரண்டு பேர் ‘இன்டர்ஸ்டெல்லர்’ என்றார்கள், ஒருவர் ‘கிராவிட்டி’ என்றார். அது அவரவர் ருசி. ஆனால் சேலத்து அன்பர் ஒருவர் போகிற போக்கில், “தி மார்ஷியன் வெறும் உருளைக்கிழங்குப் படம், அதை இந்த வரிசையில் சேர்க்கவே கூடாது” என்று ஒரு வரி எழுதியிருந்தார் பாருங்கள், அதைப் படித்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. வெறும் உருளைக்கிழங்கா? அந்த அன்பர் ஒரு கிழங்கையாவது நட்டு, முளை வருகிறதா என்று தினமும் குனிந்து பார்த்திருப்பாரா?

நான் பிளஸ் டூ வரைதான் படித்தேன். ஆங்கிலப் படம் பார்க்கும் பழக்கமும் எனக்குக் கிடையாது. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் என் அண்ணன் மகன்தான் ஒரு லீவு நாளில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பண்ணைக்கு வந்தான். அன்று மழை. தட்டு நிரப்பும் வேலை மட்டும் கொட்டகைக்குள் நடந்துகொண்டிருந்தது. தக்காளிப் பெட்டி இரண்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் லேப்டாப்பை வைத்து, “அத்தை, உன் தொழிலைப் பத்தி ஒரு படம் இருக்கு, பாரு” என்றான். நானும் நாலு பெண்களும் குழித்தட்டில் கோகோபீட் அழுத்திக்கொண்டே பார்த்தோம். எங்கள் ஆட்களில் இரண்டு பேருக்குத் தெலுங்கு, ஒருத்திக்குக் கன்னடம், எனக்குத் தமிழ். படமோ இங்கிலீஷ். அவன் நடுநடுவே சொல்லிக்கொண்டு வந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் சொல்வதை நிறுத்திவிட்டான், நாங்களும் கேட்கவில்லை. விதை போடுகிறவனைப் புரிந்துகொள்ள எங்களுக்கு என்ன மொழி வேண்டும்!

கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். செவ்வாய்க்குப் போன குழு புயலில் சிக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. செத்துவிட்டான் என்று நினைத்து ஒருவனை விட்டுவிட்டுப் போகிறார்கள். அவன் தாவரவியல் படித்தவன். அடுத்த குழு வந்து சேர நாலு வருடம் ஆகும். கையிருப்பில் இருக்கும் சாப்பாடு அதுவரை தாங்காது. அமெரிக்கர்களின் நன்றி சொல்லும் பண்டிகைக்கு என்று தனியாக எடுத்து வைத்திருந்த பெட்டியில் பச்சை உருளைக்கிழங்கு கிடைக்கிறது. அதை வெட்டி, தங்கியிருக்கும் கூடாரத்துக்குள்ளேயே செவ்வாய் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, நடுகிறான். ஆண்டி வெயர் என்ற கணினி நிரல் எழுதுகிறவர் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டு வந்த கதையாம் இது. 2015இல் ரிட்லி ஸ்காட் படமாக எடுத்தார். மேட் டேமன் நடித்தார். கோல்டன் குளோப்காரர்கள் இதற்கு நகைச்சுவை, இசைப் படப் பிரிவில் விருது கொடுத்தார்கள் என்று அண்ணன் மகன் சொன்னபோது, அவன் விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். நிஜம்தானாம்.

சரி, தொழில்காரி கண்ணோடு பார்த்ததைச் சொல்கிறேன்.

கிழங்கை வெட்டுகிற காட்சியில் ஒவ்வொரு துண்டிலும் கண் இருக்கும்படி வெட்டுகிறான். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சினிமாவில் விவசாயம் காட்டினால் பெரும்பாலும் ஏர் பிடிப்பார்கள், பாட்டுப் பாடுவார்கள், அடுத்த காட்சியில் நெல் ஆடும். இதில் கண் பார்த்து வெட்டுகிறான். ஆனால் வெட்டிய கையோடு நட்டுவிடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் உருளை போடுகிறவர்கள் வெட்டின துண்டுக்குச் சாம்பல் தடவி, வெட்டுவாய் காயட்டும் என்று ஒன்றிரண்டு நாள் நிழலில் பரப்பி வைப்பார்கள். இல்லாவிட்டால் மண்ணுக்குள் அழுகிவிடும். அப்புறம் இன்னொன்று. எடுத்த கிழங்கு உடனே முளைக்காது, அதற்கு ஒரு தூக்கம் உண்டு. இரண்டு மூன்று மாதம் தூங்கும். இவன் பூமியிலிருந்து செவ்வாய் போய்ச் சேரவே பல மாதம் ஆகியிருக்கும், அதனால் தூக்கம் கலைந்திருக்கும் என்று அந்த விஷயத்தில் மன்னித்துவிட்டேன். ஆனால் அத்தனை மாதம் அந்தக் கிழங்கு சுருங்காமல் கொழுகொழு என்று எப்படி இருந்தது? அதை யாராவது எனக்குச் சொல்லுங்கள், நானும் அப்படி வைத்துக்கொள்கிறேன்.

எருவுக்கு அவன் என்ன செய்தான் என்பதைச் சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிக்கிறவர்களுக்காக விரிவாகச் சொல்லவில்லை. குழுவில் இருந்த அத்தனை பேருடைய கழிவுப் பொட்டலத்தையும் பிரித்துத் தண்ணீரில் கரைத்துப் போடுகிறான். எங்கள் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். நான் சுளிக்கவில்லை, ஆனால் “மக்க வைக்காமப் போடறானே” என்று சத்தம் போட்டேன்.

மண் விஷயத்தில்தான் படம் பெரிதாக ஏமாற்றுகிறது. செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பு இருக்கிறது. 2008இல் அங்கே இறங்கிய ஃபீனிக்ஸ் விண்கலம்தான் அதைக் கண்டுபிடித்தது. அதில் விளைந்ததைத் தின்றால் தைராய்டைக் கெடுக்கும். படத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. ஆனால் இது தண்ணீரில் சுலபமாகக் கரைகிற உப்பு. எங்களுக்குக் கோகோபீட் கட்டி வரும்போது அதிலும் உப்பு இருக்கும். அப்படியே விதை போட்டால் நாற்று நுனி கருகிவிடும். ஊற வைத்து, வடித்து, மறுபடி ஊற வைத்து, மீட்டர் வைத்து உப்பு இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் தட்டுக்குப் போகும். செவ்வாய் மண்ணையும் அப்படிக் கழுவலாம். ஒரு ஐந்து நிமிடக் காட்சி வைத்திருந்தால் போதும், படத்துக்கு ஒரு குறையும் வந்திருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று மண்ணிலும் தண்ணீரிலும் கலந்திருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஃப்ளூரைடு தண்ணீர் குடித்துப் பல் பழுப்பேறி, முட்டி மடங்காமல் போனவர்களைப் பார்த்தே வளர்ந்தோம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான்.

அந்தப் படத்தில் இன்னொரு பெரிய ஓட்டை, முதலில் வரும் புயல். செவ்வாயில் காற்று இருக்கிறது, ஆனால் அடர்த்தி நம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குதான். எவ்வளவு வேகமாக அடித்தாலும் ஆளைத் தூக்கி எறியவோ ராக்கெட்டைச் சாய்க்கவோ அதற்கு வலு கிடையாது. கதை எழுதினவரே இதை ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆளை விட்டுவிட்டுப் போக ஒரு காரணம் வேண்டுமே, அதற்காக வைத்தாராம். நம் படங்களில் அண்ணன் தம்பியைப் பிரிக்கத் திருவிழாக் கூட்டம் வைப்பார்கள், அது மாதிரிதான்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு எதற்கு அந்தப் படத்துக்கு வக்காலத்து என்று கேட்பீர்கள். நடுவில் ஒரு காட்சி. செடியெல்லாம் முழங்கால் உயரம் வந்து பச்சைப்பசேல் என்று நிற்கும்போது, கூடாரத்தின் கதவுப்பகுதி பிய்த்துக்கொண்டு வெடிக்கிறது. உள்ளே இருந்த காற்று ஒரே மூச்சில் வெளியே போகிறது. வெளிக்குளிர் உள்ளே வருகிறது. அவன் திரும்பி வந்து பார்க்கும்போது செடிகள் நின்ற வாக்கிலேயே உறைந்து கிடக்கின்றன.

கொட்டகையில் யாரும் பேசவில்லை. எனக்கு எழுந்து வெளியே போக வேண்டும் போல இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால், தோட்டக்கலைத் துறை மானியத்தில், ஆயிரம் சதுர மீட்டரில் பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் ஷீட் கொட்டகை ஒன்று போட்டேன். நாற்றோடு சேர்த்துக் குடமிளகாயும் பார்க்கலாம் என்று ஆசை. போட்டுக் கொடுத்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, இன்னமும் அந்த ரோட்டில்தான் நான் போய்வர வேண்டும். மேலே போர்த்துகிற ஷீட்டை ஒரு அலுமினியப் பட்டைக்குள் வைத்து, வளைந்து வளைந்து போகும் ஸ்பிரிங் கம்பியால் அழுத்திப் பிடிக்க வைப்பார்கள். ஒரு பக்கம் அந்த ஸ்பிரிங்கை முழு நீளத்துக்குப் போடாமல் இரண்டு அடி விட்டுவிட்டார்கள். அடுத்த முறை வரும்போது போட்டுத் தருகிறோம் என்றார்கள். அந்த அடுத்த முறைக்கு முன்னால் மே மாதம் வந்துவிட்டது.

சாயங்காலம் நாலரை இருக்கும். மேற்கே கறுத்தது. முதலில் மண்காற்று, பின்னாலேயே ஆலங்கட்டி. அந்த இரண்டு அடி இடைவெளியில் காற்று நுழைந்தது. ஷீட் முதலில் ஒருமுறை உப்பி அடங்கியது, மாடு மூச்சு விடுகிற மாதிரி. இரண்டாவது முறை உப்பினபோது ‘டர்ர்’ என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கிழிந்தது. நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தொங்கினோம். என்னைத் தரையிலிருந்து தூக்கியது. இது செவ்வாய்க் காற்று இல்லை, இராயக்கோட்டைக் காற்று, இதற்கு வலு உண்டு. கை விட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. குடமிளகாய் காய் பிடித்த நேரம். இலையெல்லாம் சல்லடை. கயிற்றில் ஏற்றிக் கட்டியிருந்ததால் செடி விழவில்லை, கட்டின கட்டிலேயே நின்றபடி முறிந்து தொங்கியது. அதைப் பார்த்ததுதான் தாங்கவில்லை. விழுந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

படத்தில் அவன் அழுது புரளவில்லை. வெடித்துப் போன இடத்தில் பிளாஸ்டிக் ஷீட்டை வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டி அடைக்கிறான். அன்றைக்கு ராத்திரி வெளியே காற்று அடிக்கிறது. அந்த ஷீட் உப்புகிறது, அடங்குகிறது, படபடவென்று அடித்துக்கொள்கிறது. அவன் உட்கார்ந்து மிச்சமிருக்கும் கிழங்கை எண்ணிக்கொண்டிருக்கிறான். சத்தம் கூடும்போது நிமிர்ந்து பார்க்கிறான், மறுபடி எண்ணுகிறான். என் வீட்டுக்காரர் எந்தப் படம் போட்டாலும் கால் மணியில் தூங்கிவிடுகிறவர். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர், “இவன் நம்ம ஆளு” என்றார். புது ஷீட் போட்ட பிறகு ஒரு வருடம், காற்றுச் சத்தம் கேட்டால் நாங்கள் இரண்டு பேரும் தூங்கியதில்லை. நானும் எழுந்து உட்கார்ந்து எண்ணுவேன். எண்ண வேண்டிய அவசியமே இருக்காது, எத்தனை தட்டு என்று நோட்டில் இருக்கும். இருந்தாலும் எண்ணுவேன். அந்த எண்ணிக்கையைச் சினிமாவில் எடுத்துக் காட்டிய ஆளை நான் கும்பிடுகிறேன்.

இதெல்லாம் வெறும் கற்பனை என்று சேலத்து அன்பர் நினைத்திருக்கலாம். 2019 ஜனவரியில் சீனாவின் சாங்-4 கலம் நிலாவின் மறுபக்கத்தில் இறங்கியது. அதற்குள் ஒரு சிறிய டப்பாவில் பருத்தி விதை முளைத்தது. நிலாவில் ராத்திரி வந்ததும் குளிரில் செத்துப்போனது. படத்தில் வந்த அதே சாவு. அரூர், பென்னாகரம் பக்கத்துப் பருத்திக்காரர்கள் யாரும் அதற்காகத் துக்கம் விசாரிக்கப் போனதாகத் தெரியவில்லை, ஆனால் எனக்கு அந்தச் செய்தி படித்த அன்று வருத்தமாகத்தான் இருந்தது. பெருவில் இருக்கும் சர்வதேச உருளைக்கிழங்கு மையத்துக்காரர்கள் பாலைவன மண்ணை வைத்துச் செவ்வாய் மாதிரி ஒரு பெட்டி செய்து கிழங்கு போட்டுப் பார்த்தார்கள், 2017இல் முளை வந்ததைக் காட்டினார்கள். நம் இஸ்ரோவே 2024 டிசம்பர் 30 அன்று அனுப்பிய ராக்கெட்டின் கடைசிப் பாகத்தில் தட்டைப்பயறு எட்டு விதை வைத்து அனுப்பியது. நாலு நாளில் முளைத்தது, அப்புறம் இலையும் விட்டது. 2025இல் சுபான்சு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனபோது வெந்தயமும் பச்சைப்பயறும் முளைக்கட்டிப் பார்த்தார். இந்தத் தட்டைப்பயறைத்தான் நாங்கள் கேழ்வரகுக் கொல்லையில் ஊடுபயிராகப் போடுகிறோம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்காட் கெல்லி கதை. ஒரு வருடம் போல விண்வெளி நிலையத்தில் தங்கியவர். ஜின்னியா பூச்செடி வளர்த்தார்கள். ஈரம் அதிகமாகிப் பூஞ்சை வந்து இலை கெட்டது. கீழே இருந்து நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் விடச் சொன்னார்கள். செடிக்கு எப்போது தண்ணீர் வேண்டும் என்பதை இங்கே செடியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நான்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அவர் சொன்னார். விட்டுவிட்டார்கள். 2016 ஜனவரியில் பூத்தது. எங்கள் பண்ணைக்கு வேலைக்கு வரும் புதுப் பெண்களுக்கு நான் முதல் நாள் சொல்வது அதேதான். கடிகாரத்தைப் பார்க்காதே, தட்டைத் தூக்கிப் பார், கனம் சொல்லும்.

இப்போது இன்டர்ஸ்டெல்லருக்கு வருகிறேன். அதைக் குறை சொன்னால் என் வீட்டிலேயே சண்டை வரும். என் அண்ணன் முப்பது வருடம் லாரி ஓட்டினவர். வடக்கே லோடு போனால் இருபது நாள், சில நடை ஒரு மாதம். திரும்பி வரும்போது பிள்ளைக்கு ஒரு பல் கூடியிருக்கும், ஒரு வார்த்தை கூடியிருக்கும். ஒருமுறை வந்தபோது பையன் யாரோ என்று பயந்து என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டான். அந்தப் பையன்தான் இப்போது லேப்டாப் கொண்டுவந்தவன். இன்டர்ஸ்டெல்லரில் ஒரு கிரகத்தில் இறங்குவார்கள், அங்கே ஒரு மணி நேரம் என்றால் பூமியில் ஏழு வருடம். கொஞ்ச நேரம் தாமதமாகிக் கப்பலுக்குத் திரும்பினால் இருபத்து மூன்று வருடம் போயிருக்கும். அவன் உட்கார்ந்து பிள்ளைகள் அனுப்பிய வீடியோவை ஒவ்வொன்றாகப் பார்ப்பான். பிள்ளைகள் அவன் கண் முன்னாலேயே வளர்ந்து பெரியவர்கள் ஆவார்கள். என் அண்ணன் அந்தக் காட்சியில் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அதனால் அவருக்கு அதுதான் சிறந்த படம். அதில் நான் தலையிட மாட்டேன். அந்தப் படத்தில் வருகிற, வெளிச்சத்தையே விழுங்கிவிடும் கருந்துளையின் உருவத்தையும் சும்மா வரையவில்லை, கிப் தோர்ன் என்ற இயற்பியலாளர் கணக்குப் போட்டுக் கொடுத்ததை வைத்துச் செய்தார்கள். அவருக்கு 2017இல் ஈர்ப்பலை ஆராய்ச்சிக்காக நோபல் பரிசே கிடைத்தது. படம் வந்தது 2014இல், நிஜக் கருந்துளையின் படத்தை உலகம் பார்த்தது 2019 ஏப்ரலில்.

ஆனால் அந்தப் படம் விவசாயியை எப்படிப் பார்க்கிறது? உலகமே புழுதியாகிவிட்டது, கோதுமை போய்விட்டது, வெண்டைக்காயும் இந்த வருடத்தோடு சரி, இனி மக்காச்சோளம் மட்டும்தான் என்கிறார்கள். வெண்டைக்காய் பெயரைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஹாலிவுட் படத்தில் வெண்டைக்காய்க்குச் சாவு அறிவிப்பு! அது என்ன நோய், எல்லாப் பயிரையும் வரிசையாகக் கொல்வது? நாங்கள் பார்த்த கருகல் நோய்க்கு ஒரு குடும்பம் உண்டு. தக்காளிக்கு வருவது உருளைக்குப் போகும், இரண்டும் ஒரே குடும்பம். அது தாண்டிப் போய் வெண்டையையும் கோதுமையையும் தொடாது. சரி, கதைக்காக விட்டுவிடலாம். கதாநாயகன் நல்ல விவசாயியாகவும் இருக்கிறான், ஆனால் படம் முழுக்க மண்ணைப் பார்த்து அவனுக்குச் சலிப்பு. வானத்தைப் பார்க்கப் பிறந்தவன் புழுதியில் கிடக்கிறேனே என்கிற சலிப்பு. இத்தனைக்கும் கிறிஸ்டோபர் நோலன் அந்தப் படத்துக்காகக் கனடாவில் ஐந்நூறு ஏக்கர் நிஜமாகவே மக்காச்சோளம் போட்டு, படப்பிடிப்பு முடிந்து விளைச்சலை விற்றுக் காசும் பார்த்தாராம். படத்தில் வருகிற விவசாயியைவிட படம் எடுத்தவர் நல்ல விவசாயி.

சேலத்து அன்பர் கவனித்தாரோ என்னவோ, மேட் டேமன் அந்தப் படத்திலும் உண்டு. அதிலும் தன்னந்தனியாக ஒரு கிரகத்தில் மாட்டிக்கொண்டவர்தான். அங்கே அவர் என்ன செய்கிறார்? இந்த இடம் வாழ லாயக்கு என்று பொய்த் தகவல் அனுப்பி, காப்பாற்ற ஆள் வரவழைத்து, வந்தவனையே கொல்லப் பார்க்கிறார். அடுத்த வருடமே அதே ஆள் இன்னொரு கிரகத்தில் மாட்டி, கிழங்கு நட்டார். ஜெசிகா சாஸ்டெய்னும் இரண்டிலும் இருக்கிறார். இரண்டு படத்தையும் அடுத்தடுத்த நாளில் பார்த்த எனக்கு, முதல் படத்தில் செய்த பாவத்துக்கு இரண்டாவதில் பரிகாரம் பண்ணுகிறார் என்றே தோன்றியது. எங்கள் பெண்கள் அவருக்கு ‘கிழங்குக்காரர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வேறு எந்தப் படத்தில் கோட்டு போட்டுக்கொண்டு வந்தாலும் கிழங்குக்காரர்தான்.

கிராவிட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013இல் வந்தது, ஒன்றரை மணி நேரப் படம், ஏழு ஆஸ்கர். ஹப்பிள் தொலைநோக்கியிலிருந்து விண்வெளி நிலையத்துக்குத் தாவுவது நடக்காத காரியம், இரண்டும் வேறு வேறு உயரத்தில், வேறு வேறு சாய்வில் சுற்றுகின்றன என்று அண்ணன் மகன் சொன்னான். கிருஷ்ணகிரி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு சேலம் பஸ்ஸுக்குத் தாவுகிற மாதிரி இருக்கும் போல. அது எனக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் கடைசியில் அந்தப் பெண் ஏரியில் விழுந்து, கரைக்கு நீந்தி வந்து, சேற்றில் முகம் கவிழ்ந்து கிடந்தபடி கையால் மண்ணைப் பிடிப்பாள். விரல் நடுவே சேறு பிதுங்கும். அந்த ஒரு நிமிடத்தை எந்தப் படத்தோடும் நான் போட்டிக்கு நிறுத்த மாட்டேன். அதற்கு முந்தின ஒன்றரை மணி நேரமும் எனக்குத் தலைசுற்றல் மாத்திரை தேவைப்பட்டது, அவ்வளவுதான். இந்தப் படம் எடுத்த செலவைவிடக் குறைவாக, சுமார் 450 கோடி ரூபாயில், நாம் மங்கள்யானைச் செவ்வாய்க்கே அனுப்பிவிட்டோம் என்பதை எங்கள் ஊர் டீக்கடையில் இன்னமும் பெருமையாகச் சொல்வார்கள்.

தமிழில் ஏன் ஒன்றும் இல்லை என்று உங்கள் மூன்று வாசகர்களில் ஒருவரும் கேட்கவில்லை. 1963லேயே ‘கலை அரசி’யில் வேற்றுக் கிரகத்துக்காரர்கள் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், எம்.ஜி.ஆர். மீட்டுக்கொண்டு வந்தார். 2018இல் ‘டிக் டிக் டிக்’ வந்தது. மாதவனின் ‘ராக்கெட்ரி’ நன்றாக இருந்தது, ஆனால் அது விண்வெளியைவிடக் கோர்ட்டும் போலீசும் அதிகம் உள்ள கதை. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் எடுத்த பாறையைப் பொடித்துத்தான் நிலா மண் போலச் செய்து, சந்திரயானின் தரையிறங்கும் கலத்தைச் சோதித்தார்கள். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ஒரு விண்வெளிப் படத்துக்கு வேண்டிய கல்லும் மண்ணும் ஆளும் இங்கேதான் கிடக்கிறது. அதைப் படமாக எடுக்கிறவர்கள் கிழங்கு வெட்டுகிற காட்சி வைத்தால் என்னைக் கூப்பிடட்டும், சாம்பல் நான் கொண்டுவருகிறேன்.

மார்க் போடச் சொல்லியிருந்தீர்கள். எங்கள் குழித்தட்டில் 98 குழி. அதனால் எனக்கு முழு மார்க் என்றாலே 98தான். தி மார்ஷியனுக்கு 90 கொடுக்கிறேன். எட்டுக் குழி காலி: புயலுக்கு மூன்று, பெர்குளோரேட்டுக்கு மூன்று, மக்காத எருவுக்கு ஒன்று, சுருங்காத கிழங்குக்கு ஒன்று. தட்டில் 90 முளைத்தால் எங்கள் தொழிலில் அது நல்ல விதை, தைரியமாக விவசாயிக்குக் கொடுக்கலாம். இன்டர்ஸ்டெல்லருக்கு என் அண்ணன் 98 என்கிறார், நான் 80க்கு மேல் தர மாட்டேன். அவருக்கு இந்தக் கடிதம் எழுதுவது தெரியாது. அச்சில் பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒன்று. போன வாரம் இன்டர்ஸ்டெல்லர் கடிதத்துக்கு மேலே நீங்கள் போட்டிருந்த போட்டோ கிராவிட்டி படத்துடையது. அதில் மிதந்துகொண்டிருப்பவர் சாண்ட்ரா புல்லக். இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் போட்டோவை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். மேற்கே கறுக்கிறது, நான் ஷீட் கட்டப் போகிறேன்.

இப்படிக்கு,
நாற்றுப் பண்ணைக்காரி,
இராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.